மைக்கேல்சாமி அடித்த சூடம்

சேர்மன் ராசு தன் சொந்த போனில் யாரிடமும் பேச மாட்டார். இலுப்பூர் வட்டாரத்தில் இது ஊரறிந்த சங்கதி. சட்டைப் பையில் இரண்டு போன் வைத்திருப்பார்; இரண்டும் அங்கேயே கிடந்து தூங்கும். பேச்செல்லாம் மைக்கேல்சாமியின் போனில்தான். யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் மைக்கேல்சாமி நம்பரைப் போட்டு, “லைன்ல இருங்க, தலைவர் பேசுறார்” என்று சொல்லி, போனை வேட்டியில் ஒரு துடை துடைத்து நீட்டுவார். நாளைப் பின்னே வில்லங்கம் என்று வந்தால் நம்பர் யாருடையது? மைக்கேல்சாமியுடையது. அதற்காகத்தான் இந்த ஏற்பாடு என்பது அவருக்கும் தெரியும். தெரிந்தே ராசுவோடு இருபத்தொன்பது வருஷத்தை ஓட்டிவிட்டார்.

ஆள் ஒல்லி. ஐம்பத்தாறு வயதுக்கு அறுபத்தைந்து சொல்லலாம். சொந்த ஊர் ஆவூர்ப் பக்கம். பாட்டன் காலத்துக்கு முன்பிருந்தே வேதக்காரக் குடும்பம். வாலிபத்தில் மாதா கோயில் திருவிழா வந்தால் மைக் அவர் கையில்தான் இருக்கும். காணாமல் போன பிள்ளைகளின் பேரைச் சொல்லி அவர் அறிவிக்கிற அறிவிப்பைக் கேட்டால், பிள்ளையைத் தொலைக்காதவர்கள்கூட ஒரு தடவை மடியைத் தடவிப் பார்ப்பார்கள். அந்தக் குரலைக் கேட்டுத்தான், அப்போது முதன்முதலாகக் கவுன்சிலருக்கு நின்ற ராசு அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். ஒரு வாரத்துக்கு என்று ஏறினவர். இறங்கவே இல்லை.

அந்தத் தேர்தலிலேயே ராசுவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பிரச்சாரம் முடிய இரண்டு நாள் பாக்கி. ஜீப்பின் மேலே ராசு கும்பிட்டபடி நின்று வாயை மட்டும் அசைக்க, உள்ளே தார்ப்பாய்க்குப் பின்னால் உட்கார்ந்து மைக்கேல்சாமி ராசுவின் குரலிலேயே பேசினார். அந்தக் கரகரப்பு, வாக்கியத்துக்கு நடுவே ஒரு செருமல், ‘தாய்மார்களே’ என்பதில் ஓர் இழுப்பு, எல்லாம் அச்சு அசல். ராசு ஜெயித்தார். அதன் பிறகு துக்கம் விசாரிக்கிற போன், பிறந்தநாள் வாழ்த்து போன், ‘பாக்குறேன், செய்றேன்’ போன் எல்லாவற்றையும் ராசுவின் குரலில் மைக்கேல்சாமியே பேசினார். போகப் போக இது எல்லாருக்கும் தெரிந்து, டீக்கடையில் பிடித்து வைத்து, “அண்ணே, தலைவர் மாதிரி ஒருக்கா பேசுங்க” என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது. அவரும் பேசிக் காட்டுவார். தன் குரலில் அவர் கடைசியாக நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியது எப்போது என்று அவர் பெண்டாட்டி ஞானமணியைக் கேட்டால்தான் தெரியும்.

ராசுவின் அரசியலைச் சொல்ல வேட்டிக் கரையே போதும். மூன்று தடவை நிறம் மாறியிருக்கிறது. கவுன்சிலர், சேர்மன், தோற்ற சேர்மன், மறுபடியும் சேர்மன். பதவிக் காலம் முடிந்த பிறகும் பட்டம் மட்டும் பேரோடு ஒட்டிக்கொண்டது. பஸ்ஸே போகாத பாதையில் பஸ் நிழற்குடை கட்டினார்; அது மச்சினன் டீக்கடைக்கு எதிரே அமைந்தது தற்செயலாம். செத்து ஆறு வருஷமான ஒருவர் பேரில் தொகுப்பு வீடு வந்தது; பட்டியலில் பேரைத் தப்பாக எழுதியது நான்தான் என்று அதிகாரி முன்னால் போய் நின்றார் மைக்கேல்சாமி. ஜல்லிக்கட்டில் ராசுவின் காளை காலையில் ஒரு பேரிலும், மத்தியானம் கொம்புக்கு வேறு சாயம் பூசிக்கொண்டு இன்னொரு பேரிலும் வாடிவாசலை விட்டு வந்தது. டோக்கனை மாற்றிக் கொடுத்தவன் நான்தான் என்று கை கட்டி நின்றதும் மைக்கேல்சாமிதான். அன்றைக்கு மாட்டுக்காரர்கள் விட்ட அறையில் இடது காது இன்னும் சரியாகக் கேட்பதில்லை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். மைக்கேல்சாமி விஷயத்தில் இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனால், நிழற்குடையையும் தொகுப்பு வீட்டையும் காளையையும் தன் பாவமாகவே சொல்லிவிட்டு வருவார். கேட்கிற சாமியாருக்கு, இந்த ஒடிசலான ஆளுக்கு இத்தனை பாவம் செய்ய நேரம் எங்கே கிடைத்தது என்று ஆச்சரியமாக இருந்திருக்கும்.

இந்த வருஷம் ஆடியில் ராஜலட்சுமி வந்தாள். குளத்தூர்ப் பக்கத்துக்காரி, முப்பத்து மூன்று வயது. புருஷன் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற போர் வண்டி வேலைக்கு வடக்கே போன இடத்தில் கரண்டு அடித்துச் செத்துப்போனான். ஊர் அங்கன்வாடியில் உதவியாளர் வேலை காலியாக இருந்தது. சேர்மன் ஒரு வார்த்தை சொன்னால் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சேர்மனிடம் நேராகப் போக அவளுக்குத் தயக்கம். மைக்கேல்சாமியைப் பார்த்து, “அண்ணே, ஒங்களத்தான் நம்பி வந்துருக்கேன்” என்றாள். மகள் ஸ்வீட்டி நர்ஸுக்குப் படித்த காலத்தில் ஞானமணி உதவி கேட்டு நாலு பேரிடம் போய் நின்றது அவருக்கு நினைவு வந்தது. அன்று சாயங்காலமே ராசுவிடம் சொன்னார். ராசு பெண் யார், என்ன வயது என்று விசாரித்துவிட்டு, போனைப் போடு என்றார்.

மைக்கேல்சாமி நம்பரைப் போட்டார். வழக்கமான வாசகத்தோடு நிறுத்தியிருக்கலாம். ராசு கண்ணைக் காட்டினதும், என்ன நடக்கப் போகிறது என்று புரிந்தும், வாய் தானாகச் சொல்லிவிட்டது: “தலைவர் பேசுறாரும்மா. அவரு மனசு வச்சா எல்லாம் நடக்கும். கொஞ்சம் அனுசரிச்சுப் பேசும்மா.” பிறகு போனை வேட்டியில் துடைத்து நீட்டினார். ராசு, “மைக்கேலு, நீ அங்கிட்டுப் போய் நில்லு” என்றார். சரிங்கண்ணே என்று சொல்லி வேப்ப மரத்தடியில் போய் நின்றார். ராசு பேசியதை இங்கே எழுத முடியாது. வேலை வேண்டுமென்றால் தோட்டத்து வீட்டுக்கு வா என்பதுதான் அதில் இருந்ததிலேயே மரியாதையான வார்த்தை.

ராஜலட்சுமியின் போன், வருகிற பேச்சையெல்லாம் தானாகப் பதிந்து வைக்கிற போன். மூன்று வாரம் கழித்து, அந்த வேலை வேறொருத்திக்குப் போன பிறகும் மைக்கேல்சாமி நம்பரிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டு ராசு தொந்தரவு செய்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அந்த முதல் பேச்சை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். மத்தியானச் சோற்றுக்குள் அது இலுப்பூரைத் தாண்டிவிட்டது. சாயங்காலம் கீரமங்கலத்துப் பூ மார்க்கெட்டில் மாலை கட்டிக்கொண்டே கேட்டார்களாம்.

மைக்கேல்சாமி அதைத் தன் வீட்டின் பூசப்படாத சுவரோரம் தனியாக உட்கார்ந்து, நல்ல காதில் வைத்துக் கேட்டார். முதலில் வரப்போவது தன் குரல். மகள் திருச்சியில் ஆஸ்பத்திரி டூட்டியில் இருப்பாள். அவள் போனுக்கும் இந்நேரம் போயிருக்கும். ஆனால் ஆடியோ ராசுவின் செருமலில்தான் ஆரம்பித்தது. மறுபடியும் வைத்துக் கேட்டார். முன்னால் இருந்த பதினாலு பதினைந்து நொடியைக் காணோம். ‘அனுசரிச்சுப் பேசும்மா’வைக் காணோம். யாரோ வெட்டியிருக்கிறார்கள். அவளைத் தவிர யார் வெட்ட முடியும்? அவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று, பெண் பிள்ளை பெற்ற ஆள் என்று, அவளாகவே அவரை மட்டும் எடுத்து அப்பால் வைத்திருக்கிறாள். முதலில் அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவை நினைத்து அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ராசு அப்போது சட்டசபைக்கு சீட்டு கேட்டுக் காத்திருந்தார். விடுவாரா? திங்கட்கிழமை நிருபர்களைக் கூட்டி, அது என் குரலே இல்லை, இப்போதுதான் கம்ப்யூட்டரிலேயே குரல் செய்கிறார்களே என்றார். அத்தோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பார். நுணலும் தன் வாயால் கெடும். கேமராவைப் பார்த்ததும் வீரம் வந்து, “எங்க கருப்பர் கோயில்ல சூடம் அடிச்சு சத்தியம் பண்றேன். அந்தப் பொண்ணு வருமா?” என்று கேட்டுவிட்டார். அந்தப் பெண் ஒரே வரியில் பதில் சொன்னாள்: வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வருகிறேன்.

கோர்ட்டில் எந்தப் புத்தகத்தின் மேல் கையை வைத்தும் பொய் சொல்லிவிட்டு வந்து காப்பி குடிப்பார்கள். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துப் பொய் சொல்ல இந்தப் பக்கம் ஆள் கிடையாது. ராசுவின் சித்தப்பா ஒருத்தர் வரப்புத் தகராறில் அப்படிச் செய்தார். நாற்பத்தெட்டு நாளுக்குள் வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. பாடையில் கிடத்தியபோதும் நேராகவில்லை. அதைப் பத்து வயதில் பக்கத்தில் நின்று பார்த்தவர் ராசு. எந்தக் கட்சிக்குப் போனாலும் அந்த வாயை மட்டும் அவர் மறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மைக்கேல்சாமியைத் தோட்டத்துக்குக் கூப்பிட்டு அனுப்பினார். ஒரு நாளும் இல்லாத திருநாளாக நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்.

“மைக்கேலு, வெள்ளிக்கெழம நீ அடிச்சிரு.”

“நானாண்ணே?”

“ஒன் நம்பருதானே. தலைவர் கொரல்ல நாந்தான் வெளையாட்டுக்குப் பேசுனேன், அவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிரு. நீ என் கொரல்ல பேசுறது ஊருக்கே தெரியும், நம்புவாங்க. கேஸு கீஸுன்னு வந்தா நான் பாத்துக்கறேன். சாமிக்குப் பயப்படாத. நீ வேதக்காரன். கருப்பர் ஒன்னைய என்ன செய்யப் போறாரு?”

“சரிங்கண்ணே” என்றார் மைக்கேல்சாமி. யோசித்துச் சொன்னதில்லை. இருபத்தொன்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி அந்த வார்த்தைக்கு வாய்க்குள்ளேயே தடம் விழுந்திருந்தது.

வீட்டுக்கு வந்து ஞானமணியிடம் சொன்னார், அந்தப் பதினைந்து நொடி உட்பட. அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்காமலே கேட்டாள்: “காளை மாடு, செத்தவன் வீடுன்னு எல்லாத்தையும் ஏத்துக்கிட்டீங்க. ஒரு பொம்பளகிட்ட அப்பிடிப் பேசுனவன்ங்கிற பேரையும் ஏத்துக்கிட்டு வந்தா, நாளைக்கு ஸ்வீட்டி மூஞ்சிய எப்பிடிப் பாப்பீங்க?” உண்மையைச் சொன்னால் மட்டும் அவள் மூஞ்சியைப் பார்க்க முடியுமா என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. பொய் சொன்னால் ராசுவின் அசிங்கம் தன் தலையில். நிஜம் சொன்னால் தன்னுடைய அசிங்கம் வெளியில். எந்தப் பக்கம் போனாலும் மகள் காதுக்கு ஒன்று போய்ச் சேரும். இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டு கிடந்தார். ரொம்பக் களைப்பாக இருந்தது. கோபம்கூட வரவில்லை, கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

வெள்ளிக்கிழமை கருப்பர் கோயிலில் திருவிழாக் கூட்டம். கண்மாய்க் கரை முழுக்க பைக்குகள். கருப்பருக்கு முன்னால் செங்கல் வைத்து அதன் மேல் சூடத்தைக் கட்டி கட்டியாக அடுக்கியிருந்தார் பூசாரி பிச்சைமுத்து. ராஜலட்சுமி தன் தம்பியோடு வேல் கம்புகளுக்குப் பக்கத்தில் நின்றாள். ராசு வந்து கும்பிட்டுவிட்டு நிருபர்களிடம் திரும்பி, பேசியது நானில்லை என்பதால் நான் அடிக்க வேண்டியதில்லை, பேசியவனே வந்து ஒப்புக்கொண்டு சத்தியம் செய்கிறான் என்றார். கம்ப்யூட்டர் கதை என்னாயிற்று என்று யாரோ கேட்டது அவர் காதில் விழவில்லை.

பிச்சைமுத்து மைக்கேல்சாமியை ஏற இறங்கப் பார்த்தார். இவர் வேதக்காரராச்சே, இங்கே அடித்தால் செல்லுமா என்று சந்தேகம் கேட்டார்.

“சாமிக்கு ஏதுய்யா மதம்?” என்றார் ராசு, கேமராக்கள் பக்கம் திரும்பி நின்று, கணீரென்று. “கருப்பருக்கு முன்னாடி எல்லாரும் ஒண்ணு. தாராளமா அடிக்கட்டும்.” பக்கத்தில் நின்ற கட்சிக்காரர்கள் கை தட்டினார்கள்.

பூசாரி சூடத்தைக் கொளுத்தினார். மைக்கேல்சாமி செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் வந்தார். ஒரு தடவை ராஜலட்சுமியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இவர் என்ன சொல்லப் போகிறார் என்று அவளுக்கும் தகவல் வந்திருந்தது. கையில் போன் இருந்தது. முழு ஆடியோவும் அதில்தான் இருந்தது. அதைப் போட்டால் ராசுவின் கதை ஒரு நிமிஷம் நிற்காது. அப்போதும் அவள் போடாமல் நின்றாள். அது அவருக்குப் பொறுக்கவில்லை.

உள்ளங்கையை விரித்துத் தீயின் மேல் ஓங்கி அடித்தார்.

“கருப்பருக்கும் பொதுவா, மாதாவுக்கும் பொதுவாச் சொல்றேன். அந்தப் பொண்ணுகிட்டப் பேசுனது ராசு அண்ணன்தான். நம்பரப் போட்டுக் குடுத்தது நான்.”

முதலில் சுதாரித்துக்கொண்டவர் ராசுதான். அதற்குத்தான் அவர் தலைவர். இவன் எதிர்க்கட்சிக்கு விலை போய்விட்டான் என்றார். போதாதென்று பட்டதும், “இவன் வேதக்காரன். கருப்பர் மேல இவனுக்கு என்ன பயம்? இவன் சத்தியம் இங்க எப்பிடிச் செல்லும்?” என்றார். அஞ்சு நிமிஷத்துக்கு முன்னால் கை தட்டிய அதே ஆட்கள் இதற்கும் ஆமாம் போட்டார்கள். கூட்டத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள். பாதிப் பேர், அதுவும் நியாயம்தானோ என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிச்சைமுத்து கருப்பரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மைக்கேல்சாமிக்கு ஆச்சரியமாக இல்லை. இது இப்படித்தான் போகும் என்று உள்ளுக்குள் எங்கோ தெரிந்தே இருந்தது. கையில் கொப்புளம் கிளம்பிக்கொண்டிருந்தது. ராஜலட்சுமி பக்கம் திரும்பினார்.

“முன்னாடி வெட்டுனதையும் சேத்துப் போடும்மா.”

“வேணாண்ணே” என்றாள் அவள். “ஒங்க கொரல் வருதுண்ணே.”

“தெரியும். போடு.”

அவள் போனை நீட்ட, நிருபர் ஒருவர் கோயில் ஒலிபெருக்கியின் மைக்கை எடுத்து அதனிடம் வைத்தார். மைக்கேல்சாமியின் குரல் கண்மாய்க் கரை பூராவும் கேட்டது. காணாமல் போன பிள்ளைகளை அறிவித்த அதே குரல். வயதில் கொஞ்சம் தளர்ந்திருந்தது. கொஞ்சம் அனுசரிச்சுப் பேசும்மா. அதை ஒட்டி ராசுவின் குரல்: மைக்கேலு, நீ அங்கிட்டுப் போய் நில்லு. மறுபடி இவர் குரல்: சரிங்கண்ணே. பிறகு செருமல். ஒருத்தனே இரண்டு குரலிலும் தன்னைத் தானே அங்கிட்டுப் போகச் சொல்லிக்கொண்டான் என்று சொல்ல ராசுவுக்கே வாய் வரவில்லை. காரில் ஏறிவிட்டார். ஏறுமுன் வாயைக் கையால் ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டதாக அருகில் நின்றவர்கள் சொல்கிறார்கள்.

கூட்டம் ராசுவை விட்டுவிட்டு மைக்கேல்சாமியைப் பார்த்தது. மாமாப் பய என்று பின்னாலிருந்து ஒருத்தன் சொன்னான். அவர் திரும்பவில்லை, சொன்னதில் தப்பும் இல்லை. ராஜலட்சுமி தம்பியோடு அவரைத் தாண்டிப் போனாள். இரண்டு எட்டு நடந்தவள் நின்றாள்.

“ஒங்கள நம்பித்தானேண்ணே வந்தேன்” என்றாள். திட்டுகிற குரலில் இல்லை.

ராசு மேல் வழக்குப் பதிவானது. கட்சியிலிருந்து தற்காலிகமாக நீக்கினார்கள். சீட்டு வேறொருவருக்குப் போயிற்று. தற்காலிகம் என்றால் என்ன என்று இந்த ஊருக்குத் தெரியும். வேட்டிக் கரை நாலாவது தடவை மாற எத்தனை நாள் ஆகும் என்று டீக்கடையில் கணக்குப் போடுகிறார்கள். மைக்கேல்சாமியையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி எழுதி வாங்கினார்கள். எழுதியதில் ஒரு வார்த்தையும் அடுத்தவனுக்காக எழுதியதில்லை என்பது மட்டும் அவருக்குப் புதிதாக இருந்தது.

ஆனால் அதெல்லாம் பிறகு. அந்த வெள்ளிக்கிழமை, கோயிலிலிருந்து நடந்தே வந்து, பஸ் போகாத பாதையில் ராசு கட்டிய அந்த நிழற்குடையில் உட்கார்ந்தார். கொப்புளத்தை ஊதிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஸ்வீட்டி. நாலு தடவை அடிக்கும் வரை திரையில் அந்தப் பேரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எடுத்தார்.

அவள் சுற்றி வளைக்கவில்லை. “அப்பா, ஆடியோ கேட்டேன். முன்னாடி பேசுற அந்த ஆளு... அதுவும் ஒங்கள மாதிரி யாராச்சும் பேசுனதா?”

அவளே வழி செய்து கொடுக்கிறாள். கம்ப்யூட்டரிலேயே குரல் செய்கிற காலம், ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நம்பத் தயாராக இருக்கிறாள். நம்ப வேண்டும் என்றே கூப்பிட்டிருக்கிறாள்.

“இல்லம்மா” என்றார். “அது நாந்தான். என் சொந்தக் கொரல்.”

போனை இடது காதிலிருந்து நல்ல காதுக்கு மாற்றிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடுவது தூரத்தில் கேட்டது.

“லைன்ல இருக்கியாம்மா?”

“இருக்கேன்” என்றாள் ஸ்வீட்டி. டூட்டி மணி அடிக்கும்வரை இருவரும் போனை வைக்கவில்லை.